கூரை போடாத வீட்டின் படம்

தலைக்கு வைத்துப் படுக்கக்கூடிய அளவுக்குத் தடித்த புத்தகம் அது. சில நாள் அப்படியும் பயன்பட்டிருக்கிறது. என்னிடம் வரும்போதே அட்டை போயிருந்ததால் பழைய கலண்டர் தாளொன்றை மடித்து உறை போட்டிருந்தேன். உள்ளே முழுக்க இங்கிலீஷ். இணையப் பக்கங்களை எப்படி எழுதுவது, எழுதியதை எப்படித் திருத்துவது, ஏற்கெனவே எழுதத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவன் எங்கெங்கே தவறுகிறான் என்று பாடம் பாடமாகச் சொல்லிக்கொண்டு போகும்.

என் இங்கிலீஷ் கட்டாரில் கிடைத்தது. "சேர், சிமெந்து பினிஷ், டுமாரோ கம்" என்கிற அளவுக்கான இங்கிலீஷ். கடல் ஊருக்குள் வந்த ஆண்டு நான் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது நான் போகவில்லை. அதற்குப் பிறகு கொழும்பில் புடவைக்கடை, ஒலுவில் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை, சம்மாந்துறையில் மில்லொன்றில் மூடை தூக்குகிற வேலை, பிறகு கட்டார். பிடிக்காமல் விட்ட இடமும் உண்டு, போகச் சொல்லிப் போன இடமும் உண்டு.

கட்டாரில் நான் நின்ற களஞ்சியத்தில் ஒரு கம்பியூட்டர் இருந்தது. கம்பனியின் வெப்சைட்டில் ஒரு போன் நம்பரை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றுகிற ஆள் லீவில் போயிருந்தார். அவர் போனில் சொல்லச் சொல்ல நான் மாற்றினேன். ஒரு வரியில் ஒரு நம்பர், அவ்வளவுதான். பிறகு மனேஜரின் அறைக்குப் போய்ப் பார்த்தால் அவருடைய திரையிலும் மாறியிருந்தது. நான் செய்த ஒரு வேலை நான் நிற்காத இடத்தில் தெரிந்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பைத்தியம் அன்றைக்குப் பிடித்தது. வேலை முடிந்து கேம்புக்கு வந்தால் மற்றவர்கள் சீட்டு விளையாடுவார்கள், நான் போனில் வீடியோ பார்த்து ஒவ்வொன்றாகப் பழகுவேன்.

ஊருக்குத் திரும்பியதும் கல்முனையில் ஒரு அச்சகத்தில் சேர்ந்தேன். கலியாணக் காட், மரண அறிவித்தல், கிரிக்கெட் போட்டி நோட்டீஸ் எல்லாம் கம்பியூட்டரில் அடிப்பது என் வேலை. விசைப்பலகையைப் பார்க்காமலே தமிழ் அடிக்கிற அளவுக்குக் கை ஓடியது. இருந்தது என் மூத்த சகோதரி, ராத்தாவின் வீட்டில்.

எங்கள் கரையில் வீடு பெண்ணுக்குரியது. பெண் பிள்ளை பிறந்தால் தகப்பன் கல் சேர்க்கத் தொடங்கிவிடுவார். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். தாய் வீடு கடைசியில் ஒரு சகோதரிக்குப் போகும். அதனால் கலியாணம் முடிக்காத ஆண், வயது போகப்போக, தன்னுடைய வீட்டிலேயே விருந்தாளியாகி விடுவான். ராத்தா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவளுடைய புருஷன், மச்சானும் நல்ல மனிதர். ஆனாலும் என் உடுப்பு ஒரு பைக்குள்தான் இருந்தது, அலுமாரிக்குள் போகவில்லை. அதில் எனக்குக் கவலையும் இருக்கவில்லை. வேறு மாதிரி இருக்கலாம் என்று தெரியாதவரைக்கும் எதுவும் பழகிவிடும்.

சம்மாந்துறைச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது ராத்தாதான். பெண்ணின் வாப்பா நெல்லும் அரிசியும் வாங்கி விற்பவர். கடையும் வீடும் இருந்த சொந்த வளவுக்குள்ளேயே மகளுக்கு அத்திவாரம் போட்டு வைத்திருந்தார். எங்களை இருத்தி, தேத்தண்ணி தந்து, என்னை ஒரே ஒரு விஷயம் கேட்டார்.

"தம்பி, எல்லாம் சரி. நிலையா ஒரு தொழில் இரிக்கா?"

"அச்சகத்தில இரிக்கன். வெப்சைட் செய்யப் படிக்கிறன்."

"அது என்ன தொழில்? கடையா, கந்தோரா?"

மச்சான் இடையில் புகுந்தார். "கம்பியூட்டர் தொழில் மாமா. இப்ப வெள்ளக்காரனும் வீட்டில இருந்துதான் அந்த வேலை செய்றான்."

பெண்ணின் வாப்பா தலையாட்டினார். "சரி. வீடு முடியிறதுக்கிடையில தொழிலும் நிலைச்சிட்டா, வீடு முடிஞ்ச கையோட கலியாணத்தையும் முடிச்சிடுவம்" என்றார். அன்றைக்குப் போகும்போது தம்பி என்று கூப்பிட்டவர், அடுத்த முறை மகன் என்று கூப்பிட்டார்.

கல்முனையில் ஒரு மாடியில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிற சின்ன அலுவலகம் ஒன்று இருந்தது. நடத்தியவர் என்னைவிட இளையவர், அண்ணன் என்ற அர்த்தத்தில் என்னைக் காக்கா என்பார். அவரிடம் போய் வேலை கேட்டேன். நான் செய்திருந்த சில பக்கங்களைப் பார்த்தார்.

"காக்கா, உங்களுக்கு ஒட்டுப் போடத் தெரியும், தைக்கத் தெரியாது" என்றார். தட்டிலிருந்து இந்தப் புத்தகத்தை எடுத்துத் தந்தார். "இதப் படிச்சு முடிங்க. ஆரட உதவியும் இல்லாம ஒரு சைட் முழுசாச் செஞ்சு கொண்டாங்க. வேலை இரிக்கி."

அப்படித்தான் எனக்குப் புத்தகமும் அவளுக்கு வீடும் ஒன்றாக வளரத் தொடங்கின.

அவளும் நானும் போனில் கதைத்தோம். பேசி முடித்த இடம் என்பதால் வீட்டில் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்கள். கட்டாரில் வாங்கிய போன் உடைந்துபோய், அந்த நாட்களில் என்னிடம் இருந்தது பொத்தான் போன். படம் அனுப்ப முடியாது, பார்க்க முடியாது. ஆகவே அவளுடைய குரல்தான் எனக்கு அவள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அச்சகத்தின் பின்பக்கம் வந்து நிற்பேன். அவள் முதலில் வீட்டுச் செய்தி சொல்வாள்.

"இண்டைக்குச் சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்திட்டு. நீங்க எங்க நிக்கிறீங்க?"

"போம் பாடத்தில."

"என்ன போம்?"

"ஆக்கள் பேர் நிரப்பி அனுப்பிற போம். பேர் போடாம அனுப்பினா ஏலாது எண்டு திருப்பிவிட வேணும். அதுதான் பாடம்."

"அதுக்கு ஒரு பாடமா? எங்கட கிராமசேவகர்ட கந்தோரில ஒரு பேனையாலயே திருப்பிவிடுறாங்க."

வீடு கட்டுகிற மேசனுக்கும் எனக்கும் அவள் போட்டி வைத்திருந்தாள். "மேசன் இண்டைக்கு வரல்ல, காய்ச்சலாம். கெதியாப் படிங்க, இப்பதான் நீங்க முந்தலாம்" என்பாள்.

ஒரு பாடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி இருக்கும். வெளியே இருப்பது தாய்ப் பெட்டி, உள்ளே இருப்பது பிள்ளைப் பெட்டி. தாய்க்கு ஒரு எழுத்து நிறம் கொடுத்தால் பிள்ளைக்கும் அது தானாகப் போகும். விளங்கியதும் அவளுக்குச் சொன்னேன்.

"ஆம்பிளப் புள்ளைக்கும் போகுமா?" என்று கேட்டாள்.

"பெட்டியில ஆம்பிள பொம்பிள இல்ல."

"அப்ப அது நம்மட ஊர்ப் பெட்டி இல்ல" என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்கு ஒரு பாடம் விளங்குவதற்கு ஒரு கிழமைகூட ஆகும். விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போய், கரைவலைத் தோணியொன்றின் நிழலில் இருந்து வாசிப்பேன். தெரியாத சொற்களைப் பென்சிலால் சுற்றி வைப்பேன். அச்சக முதலாளி மத்தியானம் ளுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போய், வீட்டில் சாப்பிட்டு, கண்ணயர்ந்து வருகிற இடைவெளியில் அந்தக் கம்பியூட்டரில் செய்து பார்ப்பேன். செய்து பார்த்தால்தான் எனக்கு எதுவும் மண்டைக்குள் போகும். மூடை தூக்கியவனுக்குக் கைதான் முதலில் படிக்கும் போலிருக்கிறது.

தொடக்கத்தில் ஒரு பாடத்தை மட்டும் படிக்காமல் விட்டேன். எழுத்துக்களைப் பற்றியது அது. கம்பியூட்டருக்குள் எழுத்து எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று பக்கம் பக்கமாக இருந்தது. எழுத்து அடிப்பதுதானே என் தொழில், இதில் எனக்குப் புதிதாக என்ன இருக்கப் போகிறது என்று தாண்டிவிட்டேன். மேசனும் அந்த நேரம் முந்திக்கொண்டிருந்தான்.

செய்து காட்ட வேண்டிய சைட் எது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. அவளுடைய வாப்பாவின் கடை. அவரிடம் கேட்டபோது முதலில் வெட்கப்பட்டார். "அரிசிக் கடைக்கு எதுக்கு மகன் அது?" என்றார். பிறகு அவரே சம்பா, கீரிச் சம்பா, சிவப்புப் பச்சை என்று ஒவ்வொரு வகையையும் சொல்லி, எந்த வயல் பக்கத்து நெல்லில் சோறு உதிராக வரும், எது புட்டுக்குச் சரி என்று நான் எழுத முடியாத வேகத்தில் சொன்னார். எல்லாவற்றையும் தமிழிலேயே போட வேண்டும் என்றார். "இங்கிலீஷில போட்டா எனக்கே வாசிக்க ஏலா" என்று சொன்னார்.

படம் எடுக்க ராத்தாவின் போனை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். அறுவடை முடிந்திருந்தது. களஞ்சியம் நிறைந்து, மிஞ்சிய மூடைகளைக் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் முன்னால் அடுக்கியிருந்தார்கள். பின்னால் பூசாத கல்சுவர். கூரை இல்லாததால் யன்னல் வெளியினூடாக வானம் தெரிந்தது. ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தேன். அச்சகக் கம்பியூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கண்டேன். யன்னல் வெளியின் கீழ்க் கல்லில் நாலு விரல்கள் இருந்தன. நான் வந்து நின்ற நேரம் அவள் அந்தச் சுவருக்குப் பின்னால் குனிந்து இருந்திருக்கிறாள்.

சொன்னபோது பதறிவிட்டாள். "வெட்டி எடுங்க. வாப்பா கண்டார் எண்டா முடிஞ்சுது."

"ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்ச ஆளுக்குத்தான் தெரியும்."

அதற்கு மேல் அவள் வெட்டச் சொல்லவில்லை. பிறகு, "அந்த யன்னலுக்குக் கிட்டத்தான் உங்கட மேசை. பிளக் பொயின்ட் ஒண்டு அங்க வைக்கச் சொல்லிட்டன்" என்றாள்.

மேசை. எனக்கு அதுவரைக்கும் யாரும் மேசை வைக்க இடம் யோசித்ததில்லை. அன்றைக்கு ராத்தா வீட்டுக்குப் போய் என் பையைப் பார்த்தேன். இதை எடுத்துக்கொண்டு போய் ஒரு இடத்தில் வைத்தால் பிறகு எடுக்கத் தேவையில்லை என்ற யோசனை வந்தது. வேறு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

சைட் முடிந்தது. புத்தகம் சொன்ன மாதிரியே எல்லாம் செய்தேன். போனில் எப்படித் தெரியும் என்று பார்க்க, கம்பியூட்டர் திரையில் பிரவுசரின் அகலத்தைச் சுருக்கிப் பார்க்கும்படி புத்தகம் சொல்லியிருந்தது. சுருக்கிப் பார்த்தேன். எழுத்துக்கள் அழகாக ஒன்றின் கீழ் ஒன்றாக வந்து இருந்தன. போம் வேலை செய்தது. பெயர் போடாமல் அனுப்பினால் திருப்பிவிட்டது. முகவரியை அவளுக்குப் போனில் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவள் அடுத்த நாள், "பாத்தன். மாஷா அல்லாஹ். எனக்கு ஒண்டும் விளங்கல்ல, ஆனா பெரிய வேலை எண்டு மட்டும் தெரியுது" என்றாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அவளும் அப்படித்தான் சொன்னாள்.

அந்தக் கிழமை வீட்டுக்கு முகட்டு வளை ஏற்றினார்கள். கூரையின் நடு மரத்தை ஏற்றுகிற அன்று பள்ளிவாசல் லெப்பை வந்து ஓதுவார், வேலையாட்களுக்கும் சொந்தக்காரருக்கும் சாப்பாடு நடக்கும். மச்சானையும் என்னையும் அழைத்திருந்தார்கள். தச்சர்கள் மேலே மரத்தை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே பாய் விரித்து ஆண்கள் இருந்தோம். பாற்சோறும் வாழைப்பழமும் சர்க்கரையும் வந்தன. ஓதி முடிந்ததும் அவளுடைய வாப்பா சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"நம்மட கடை இப்ப உலகம் முழுக்கத் தெரியும். மருமகன் செஞ்சது" என்றார். மருமகன் என்று அவர் சபையில் சொன்னது அதுதான் முதல் தடவை. "நான் இன்னும் பாக்கல்ல. எல்லாரோடயும் சேந்து பாப்பம் எண்டு வெச்சிருந்தன்." போனை அவளுடைய தாய்மாமனிடம் நீட்டினார். "மச்சான், சத்தமா வாசிங்க."

தாய்மாமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வாயைத் திறந்தார், மூடினார். போனைத் தள்ளிப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

"இது என்ன பாசை?"

நான் எழும்பிப் போய்ப் பார்த்தேன். படம் சரியாக இருந்தது. மூடைகள், சுவர், வானம். அதற்குக் கீழே தமிழ் ஒரு எழுத்தும் இல்லை. இங்கிலீஷ் எழுத்துக்கள் சின்னதும் பெரிதுமாகக் கலந்து, இடையிடையே கமாவும் அடைப்புக்குறியும் கேள்விக்குறியுமாக, ஒரு வரி அல்ல, பக்கம் முழுக்க.

"சீனாக்காரனுக்கு விக்கப் போறம் போல" என்றார் ஒருவர்.

"சீனனும் வாசிக்க மாட்டான். இது ஜின்னுக்கு எழுதின. அரிசிய ஜின் வந்து ஏத்திக்கிட்டுப் போகும்."

மேலே இருந்த தச்சர் ஒருவர், "எங்களுக்கும் காட்டுங்க ஹாஜியார், நாங்களும் ஒருக்காச் சிரிப்பம்" என்றார். போன் கைக்குக் கை போனது. ஒவ்வொரு கையிலும் ஒரு சிரிப்பு. பகையில்லாத சிரிப்புத்தான். வளை ஏற்றுகிற நாளில் ஆட்கள் சிரிப்பதற்கு ஏதாவது வேண்டும். தாய்மாமன் மட்டும் சிரிக்கவில்லை. "எட்டாம் வகுப்போட விட்ட ஆளுக்கிட்ட இதத்தானே எதிர்பாக்கலாம்" என்று, என்னைப் பார்க்காமல், பாற்சோற்றைப் பார்த்துச் சொன்னார்.

"கம்பியூட்டரில சரியாத்தான் இருந்த" என்றேன். அது யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. அவளுடைய வாப்பா போனை வாங்கி, துடைத்து, சட்டைப்பைக்குள் வைத்தார். "சரி, சாப்பிடுங்க, ஆறிப் போகும்" என்றார். நான் சாப்பிட்டேன். சாப்பிடாமல் எழும்பியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்.

அடுத்த நாள் மாடி அலுவலகத்துக்குப் போனேன். இளையவர் பார்த்த உடனேயே சிரித்துவிட்டார்.

"காக்கா, கலியாணக் காட் அடிக்கிற எழுத்துருவில அடிச்சிரிக்கீங்க. அதில நீங்க அடிக்கிறது உண்மையில இங்கிலீஷ் எழுத்து. அந்த எழுத்துரு அதுக்கு மேல தமிழ் முகமூடி போட்டுக் காட்டுது. அச்சகக் கம்பியூட்டரில முகமூடி இரிக்கி. மத்தவன்ட போனில அது இல்ல. இஞ்ச ஆரக் கேட்டாலும் ஒருக்கா இதில விழுந்திருப்பாங்க, நானும் விழுந்தன். தமிழ முறையா அடிக்கிற விதம் வேற. ரெண்டு நாள் வேலை." பிறகு சைட்டின் உள்ளே நான் எழுதியிருந்த கோட் வரிகளைத் திறந்து பார்த்தார். "தையல் நல்லா இரிக்கி. வாற மாசம் வேலைக்கு வாங்க."

நான் எதற்காகப் புத்தகத்தைத் தொடங்கினேனோ அது அந்த இடத்தில், அவ்வளவு இலேசாக, என் கைக்கு வந்தது. படியிறங்கும்போது சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. முடியவில்லை. தாண்டிவிட்ட பாடத்தை அன்றைக்கு வாசித்தேன். அவர் சொன்னதுதான் அதில் வேறு உதாரணத்தோடு இருந்தது. தமிழைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் வாசித்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும்.

சைட்டை முழுக்கத் திரும்ப அடித்தேன். புதிய முறையில் விரல் ஒவ்வொரு எழுத்துக்கும் தடுமாறியது. சம்பா என்று அடிக்கவே தேட வேண்டியிருந்தது. முடிகிற தறுவாயில் அவள் போன் எடுத்துக் கூப்பிட்டாள். அஸருக்குப் பிறகுதான், அதே நேரம்.

"நான் முன்னமே பாத்தன்தானே" என்றாள். "அப்பவும் அப்படித்தான் இருந்த. நான் அதுதான் நீங்க எழுதிற கோட் எண்டு நினைச்சன். இவ்வளவு கஸ்டமான பாசைய எட்டாம் வகுப்புப் படிச்ச ஆள் படிச்சு எழுதியிரிக்காரே எண்டு... ஸ்கிரீன்ஷொட் எடுத்தும் வெச்சிரிக்கன்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் கேட்டிருந்தா நீங்க அண்டைக்கே திருத்தியிருப்பீங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது."

"மாமா ஒரு சம்பந்தம் கொண்டு வந்திரிக்கார். இஸ்கூல் மாஸ்டராம். வாப்பா ஓம் எண்டும் சொல்றாரில்ல, இல்ல எண்டும் சொல்றாரில்ல. நீங்க வந்து காட்டுங்க, இப்ப சரி எண்டு. வேலை கிடைச்சதையும் சொல்லுங்க."

"நீங்க வாப்பாக்கிட்டச் சொன்னீங்களா?"

"வீடு என்ட பேரில. ஆரு வாறது எண்டு சொல்ல எனக்கு ஏலா."

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு பஸ் ஏறிப் போனேன். ரோட்டோரம் நெல் காயப் போட்டிருந்தார்கள், டிரக்டர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தன. அவர் கடையில் தனியாக இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி ஸலாம் சொல்லி, கதிரையைத் துணியால் தட்டிப் போட்டார். அவருடைய போனிலேயே சைட்டைத் திறந்து கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ்வரைக்கும் வாசித்தார். அவர் சொன்ன சொற்களே அங்கே இருந்தன. புட்டுக்குச் சரியான அரிசி என்ற இடத்தில் அவருடைய உதடு அசைந்தது.

"வடிவா இரிக்கி" என்றார். "மெய்யாவே வடிவா இரிக்கி, தம்பி."

தம்பி. அந்தச் சொல்லிலேயே எனக்கு விளங்கிவிட்டது. வேலை கிடைத்ததையும் சொன்னேன், சொல்லத்தானே வந்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். தேத்தண்ணி வந்தது. நான் குடித்து முடிக்கும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு நடந்தது உங்கட பிழை எண்டு நான் நினைக்கல்ல. ஆனா சபையில மருமகன் எண்டு சொல்லிட்டு நான் தலை குனிஞ்சன். என்ட மச்சான் அதப் புடிச்சிக்கிட்டார். பொம்பிளப் புள்ளைக்கு அவங்க மாமாவ மீறி நான் செய்ய ஏலா, நாளைக்கு எனக்கு ஒண்டு எண்டா நிக்கிறது அவர்தான். நேத்து வாக்குக் குடுத்தாச்சு." வளவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "கூரையும் போட்டு முடியப் போகுது."

நான் கோப்பையைத் தட்டில் வைத்தேன். அவர்தான் மறுபடி பேசினார்.

"இந்த சைட்ட அழிக்கணுமா?"

"கிடக்கட்டும்" என்றேன்.

வெளியே வந்தபோது வளவைத் தாண்டித்தான் ரோட்டுக்கு வர வேண்டும். வீட்டுக்கு ஓடு போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே பூச்சுவேலை தொடங்கியிருந்தது. யன்னல் வெளியினூடாகப் பார்த்தேன். உள்சுவரில், மேசை உயரத்தில், பிளக் பொயின்டுக்காகக் கல்லைக் கொத்தி ஒரு பெட்டி பதித்திருந்தார்கள். வயர் இரண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பூசுகிறவர் அதைச் சுற்றி கவனமாகச் சாந்து போட்டுக்கொண்டிருந்தார். வேறு யாரும் இருக்கவில்லை. நான் நடந்துபோய் பஸ்ஸைப் பிடித்தேன்.

அதற்குப் பிறகு அவள் எனக்குப் போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. வாக்குக் கொடுத்த பிறகும் வேறொருத்தனோடு போனில் கதைக்கிறவள் என்று அவளுக்கு ஒரு பெயர் வாங்கிக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. கலியாணம் நடந்ததை ராத்தா சொன்னாள். சொல்லிவிட்டு, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

மாடி அலுவலகத்தில் கொஞ்சக் காலம் வேலை செய்தேன். வேலை பிடித்தது, கதிரை பிடிக்கவில்லை. இப்போது ஒலுவிலில் ஒரு அறையில் இருக்கிறேன். காலையில் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் கணக்கு வைக்கிறேன், மற்ற நேரம் பழைய லப்டொப் ஒன்றில் கடைகளுக்கும் மண்டபங்களுக்கும் சைட் செய்து கொடுக்கிறேன். பையிலிருந்துதான் உடுப்பு எடுக்கிறேன். புத்தகத்தை முடித்துவிட்டேன். இளையவரிடம் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "நீங்களே வெச்சுக்கங்க, பென்சிலால ஊரையே வரைஞ்சிரிக்கீங்க" என்றார்.

அந்தச் சைட்டை இன்னும் நான்தான் பார்க்கிறேன். பெரும்போக அறுவடை முடிந்ததும் சிறுபோக அறுவடை முடிந்ததும் அவளுடைய வாப்பா போன் எடுத்துப் புது விபரம் சொல்வார். நான் மாற்றுவேன். ஒருமுறை போன் நம்பரை மாற்றச் சொன்னார். "மருமகன்ட நம்பரப் போடுங்க தம்பி, எனக்கு இப்ப காது கொஞ்சம் மந்தம்." ஒரு வரியில் ஒரு நம்பர். கட்டாரில் முதன்முதல் செய்த வேலை. மாற்றினேன்.

போன மாதம் குரல் செய்தி ஒன்று அனுப்பியிருந்தார். "தம்பி, அந்தப் படம் பழசு. வீடு கூரையில்லாமக் கிடக்கிறதப் பாத்திட்டு ஆக்கள் கேக்கிறாங்க. மருமகன் புதுசா ஒண்டு எடுத்திரிக்கார், அதப் போட்டுடுங்க." கூடவே படம் வந்தது. ஓடு போட்ட வீடு, வெள்ளைச் சுண்ணாம்பு, முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள், படியில் நாலைந்து சோடிச் செருப்பு. யன்னலுக்குத் திரைச்சீலை போட்டிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். திரைச்சீலைதான் தெரிந்தது.

புதுப் படத்தைப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. "போட்டாச்சு மாமா" என்று எழுதி அனுப்பினேன்.

பாவிக்காமல் மிஞ்சிக் கிடக்கிற கோப்புகளை அழித்துவிட வேண்டும் என்று புத்தகத்தின் கடைசிப் பாடம் சொல்கிறது. பக்கத்திலிருந்து எடுத்துவிட்டால் மட்டும் ஒரு படம் போய்விடாது. அழிக்கும்வரைக்கும் அது தன்னுடைய முகவரியில் கிடக்கும், முகவரி தெரிந்த ஆள் போய்ப் பார்க்கலாம். அந்த முகவரி எனக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாக் கோப்புகளையும் ஒழுங்குபடுத்தினேன். அந்த ஒன்றை அழிக்கவில்லை. மூடைகள் அடுக்கியிருக்கின்றன, பின்னால் பூசாத சுவர், யன்னல் கல்லில் நாலு விரல், அதற்கு மேலே வானம்.